கையில் ஓடும் இரத்தத்துக்கும் காவல் வேண்டும்

எமது சங்கத்துக்கு வரும் உதவி விண்ணப்பங்களில் சில வருடங்களாக ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு கலியாணம், கருமாதி, பிள்ளையின் படிப்பு, ஒழுகும் கூரைக்குத் தகரம் என்றுதான் எழுதுவார்கள். இப்போது 'டயலிசிஸ்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அந்தச் சொல் தெரியாதவர்கள் 'கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் மாத்தப் போறோம்' என்று பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கிறார்கள். இந்தக் கடிதங்களில் கணிசமானவை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு முகவரிகளுடன் வருகின்றன. நோயாளி என்று குறிப்பிடப்படுபவர் பெரும்பாலும் வீட்டுக்கு உழைக்கும் வயதில் இருப்பவர்.

தோட்டத் தொழிலாளர் சங்க மடலில் வன்னிக்கு என்ன வேலை என்று இளைய வாசகர் சிலர் கேட்கக்கூடும். அங்கே இருப்பவர்கள் எமது ஆட்கள். 1958 கலவரத்தின் பின்னும், எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்திலும், 1977 வன்செயலின் பின்னும் மலையை விட்டு இறங்கியவர்கள் வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். காந்தீயம் அமைப்பு அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற கிளிநொச்சிக் கிராமங்களில் இன்றும் எமது பேச்சு வழக்கைக் கேட்கலாம். அங்கே போயும் பலருக்குச் சொந்தக் காணி அமையவில்லை. மற்றவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, மருந்தடித்து, கிணறு வெட்டித்தான் சீவியம் போகிறது. யுத்தத்தில் எல்லாம் இழந்து, செட்டிகுளம் முகாமில் கிடந்து, வெறுங்கையோடு திரும்பியவர்களும் இவர்கள்தான்.

அந்த வெயிலுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் நடுவில் இப்போது சிறுநீரக நோய். நீரிழிவும் இல்லாமல், இரத்த அழுத்தமும் இல்லாமல், விவசாயம் செய்பவர்களின் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சுருங்கும் இந்த நோயை வட மத்திய மாகாணத்தில் வைத்தியர்கள் 1990களில் கவனித்தார்கள். மதவாச்சி, பதவியா என்ற பெயர்கள் அன்று அடிபட்டன. மதவாச்சி வவுனியா நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குள் இருக்கிறது. பதவியாவைத் தாண்டினால் வெலிஓயா, அதாவது முல்லைத்தீவு மாவட்டம். மாகாண எல்லைக் கல் நிலத்தடி நீருக்குத் தெரியாது. சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நூறு பேருக்குப் பதினைந்து பேரிடம் இந்த நோயின் அடையாளம் இருந்தது. பெண்களிடம் எண்ணிக்கை சற்றுக் கூட. ஆனால் முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஆண்களே அதிகம்.

காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. புளோரைட் கூடிய கடின நீர் என்கிறார்கள் சிலர். பூச்சிமருந்தும் களைநாசினியும் என்கிறார்கள் வேறு சிலர். எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கு இதே மாதிரியான நோய் வந்தபோது, கொளுத்தும் வெயிலில் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் உழைப்பதே முதற்காரணமாக இருக்கலாம் என்று அங்கே கருதினார்கள். எமக்கு நன்றாக நினைவிருப்பது கிளைபோசேற் கதை. 2015இல் சிறுநீரக நோயைச் சொல்லி அதை முற்றாகத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதித்தார்கள். நெல் விவசாயிக்கு ஆகாதது தேயிலைத் தொழிலாளிக்கு ஆகுமாம். மருந்து தெளிக்கும் பையன்களில் எத்தனை பேருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் தத்தமது தோட்டத்தில் எண்ணிப் பார்க்கட்டும்.

காரணத்தைத் தேடுவது ஆய்வாளர் வேலை. அது நடக்கட்டும். ஆனால் இன்று மெசினில் படுத்திருப்பவருக்கு அந்த முடிவு வரும்வரை பொறுத்திருக்க நேரமில்லை. இந்தத் தலையங்கம் அவரைப் பற்றியது. குறிப்பாக அவருடைய கையில் ஓடும் இரத்தத்தைப் பற்றியது. அதைப் பற்றி யாரும் அவருக்குச் சரியாகச் சொல்வதில்லை என்பதே எமது முறைப்பாடு.

முதலில், டயலிசிஸ் என்பது இரத்தம் மாற்றுவது அல்ல. நோயாளியின் சொந்த இரத்தத்தை ஓர் ஊசி வழியாக வெளியே எடுத்து, வடிகட்டியில் கழுவி, இன்னோர் ஊசி வழியாக அவருக்கே திருப்பிக் கொடுப்பது. மெசின் நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் அளவில் இழுக்கும். நான்கு மணித்தியாலம் ஓடினால் 72 லீற்றர். உடம்பில் இருப்பதோ ஐந்து லீற்றர் இரத்தம். ஆகவே அதே இரத்தம் பத்துப் பதினைந்து தடவை கழுவப்படுகிறது.

சாதாரணமாகக் கையில் தெரியும் நரம்பில் இந்த அளவு இரத்தம் ஓடாது. அதனால்தான் சத்திரசிகிச்சை நிபுணர் மணிக்கட்டிலோ முழங்கையிலோ நாடியை நாளத்தோடு இணைத்துத் தைக்கிறார். இதற்கு பிஸ்டுலா என்று பெயர். 1966இல் நியூயோர்க்கில் பிறெசியா, சிமினோ என்ற வைத்தியர்களும் அவர்களது தோழர்களும் வெளியிட்ட முறை இது. அறுபது வருடமாகியும் இதைவிடச் சிறந்த வழி கிடைக்கவில்லை. நிமிடத்துக்கு இருபது முப்பது மில்லிலீற்றர் ஓடிய மணிக்கட்டு நாடியில், இணைத்த பிறகு ஐந்நூறு, அறுநூறு, சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல் ஓடும். நாளமும் தடித்து, ஊசி ஏற்றத் தோதாக மேலே வரும். அது பழுத்து வர வாரங்கள் எடுக்கும். வைத்தியர்கள் ஆறு என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஆறு வாரத்தில், நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர் ஓடி, 6 மில்லிமீற்றர் அகலமாகி, தோலுக்குக் கீழே 6 மில்லிமீற்றருக்குள் இருந்தால் அது நல்ல பிஸ்டுலா.

பிஸ்டுலா இல்லாதவருக்குக் கழுத்திலோ தொடையிலோ குழாய் போடுகிறார்கள். அவசரத்துக்கு அது உயிர் காக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் கிருமி இரத்தத்துக்குள் போகும் வாசலும் அதுவே. எமக்குத் தெரிந்த நோயாளிகளில் பலர் மூச்சு வாங்கி, முகம் வீங்கி, நள்ளிரவில் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தமக்கு இந்த நோய் இருப்பதையே அறிந்தவர்கள். ஆகவே கழுத்துக் குழாயோடுதான் தொடங்குகிறார்கள். கிளினிக் கொப்பியில் கிரியேற்றினின் ஏறிக்கொண்டே போவதை வருடக்கணக்கில் எழுதி வைத்திருந்தும், பிஸ்டுலாவுக்கு அனுப்பப்படாமல் இருந்தவர்களும் இருக்கிறார்கள். இது தவிர்க்கக்கூடியது.

இனி, பிஸ்டுலா இருப்பவருக்கு வரும் ஆபத்து. தைத்த இடத்துக்குப் பக்கத்திலும், திரும்பத் திரும்ப ஊசி ஏற்றும் இடத்திலும் நாளத்தின் உட்சுவர் தடித்து வழி குறுகும். இரத்தம் ஓடுவது குறையும். கையில் ஓடும் அளவு மெசின் இழுக்கும் அளவுக்குக் கீழே போனால் ஒரு வேடிக்கை நடக்கும். வேடிக்கை என்பது பொருத்தமில்லாத சொல்தான். கழுவித் திருப்பிவிட்ட இரத்தத்தையே மெசின் மறுபடியும் இழுத்துக் கழுவிக்கொண்டிருக்கும். உடம்பின் மற்ற இரத்தம் அழுக்கோடு கிடக்கும். நான்கு மணித்தியாலமும் முடிந்தது, மெசினும் குறையில்லாமல் ஓடியது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நோயாளிக்கோ சாப்பாடு பிடிக்காது, உடம்பு அரிக்கும், கால் வீங்கும். 'தண்ணி கூடக் குடிச்சிருப்பீங்க' என்று அவருக்கே ஏச்சும் விழும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் இரத்தம் உறைந்து பிஸ்டுலா முற்றாக அடைத்துவிடும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் எமது உறுப்பினர் ஒருவரின் தகப்பனாருக்கு நடந்தது இதுதான். சனிக்கிழமை இரவு கையில் வழமையாக இருக்கும் அதிர்வு இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அது அவசரம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். ஒரு நாள் இரண்டு நாளுக்குள் போயிருந்தால் அடைப்பை எடுத்துப் பார்த்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை மறுபடியும் கழுத்தில் குழாய். மற்றக் கையில் புதிதாகத் தைக்க நாள் கேட்டு அலைந்தது தனிக் கதை. அங்கிருந்த தாதியரைக் குற்றம் சொல்ல நாம் இதை எழுதவில்லை. ஒரு தாதி எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பதை நேரில் பார்த்தவர்கள் நாம்.

ஓட்டத்தை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. குழாயில் உணர்கருவி மாட்டி, உப்பு நீரைச் செலுத்தி, இரத்தம் எவ்வளவு ஐதாகிறது என்று மீயொலியால் பார்த்து ஓட்டத்தைக் கணக்கிடும் முறை 1990களின் நடுப்பகுதியில் வந்தது. நிமிடத்துக்கு ஐந்நூறுக்குக் கீழே போனாலோ, முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்கு குறைந்தாலோ வழி குறுகுகிறது என்று சந்தேகப்படுவார்கள். பணக்கார நாடுகளில் இதை மாதாமாதம் செய்தார்கள். இங்கே அந்தக் கருவியைக் கேட்டால் நிதி இல்லை என்ற பதில் வரும்.

ஆனால் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கச் சிறுநீரக வைத்தியர்கள் பின்பற்றும் வழிகாட்டல் 2019இல் புதுப்பிக்கப்பட்டபோது, முதலிடம் கொடுத்தது கருவிக்கு அல்ல. பழக்கப்பட்ட ஒருவர் ஒழுங்காகப் பார்த்து, தொட்டு, கேட்டுச் செய்யும் பரிசோதனைக்கே. கருவி அதற்குத் துணை மட்டும். ஆகவே நிதியைக் காரணம் காட்டி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தேவைப்படுவது ஒரு கையும் ஒரு காதும் இரண்டு நிமிடமும்.

நோயாளியும் வீட்டாரும் செய்யக்கூடியது இது. காலையிலும் இரவிலும் மற்றக் கையின் விரல்களைத் தைத்த இடத்தின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். ஸ்டோரில் ரோலர் ஓடும்போது பக்கத்துச் சுவரில் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினின் குழாயைத் தொட்டாலும் தெரியும். பிஸ்டுலாவிலும் அப்படி இடைவிடாத ஒரு நடுக்கம் இருக்க வேண்டும். அது போய், சுத்தியல் அடிப்பதுபோல 'தட் தட்' என்று துடித்தால் மேலே எங்கோ வழி குறுகியிருக்கிறது. காதில் வைத்துக் கேட்டால் காற்று வீசுவதுபோல ஓயாத சத்தம் கேட்க வேண்டும். அது விசில் மாதிரி மாறினாலோ விட்டு விட்டுக் கேட்டாலோ சொல்ல வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தடித்திருந்த நாளம் தணிய வேண்டும். தணியாமல் புடைத்தே இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஊசி எடுத்த இடத்தில் வழமையைவிட நெடுநேரம் இரத்தம் நிற்காமல் வந்தாலும், கை வீங்கினாலும், சிவந்து சுட்டாலும் அப்படியே. அதிர்வு அடியோடு நின்றுவிட்டால் தவணைக்குக் காத்திருக்கக் கூடாது. அது நள்ளிரவாக இருந்தாலும், ஓட்டோவுக்குக் காசில்லாமல் இருந்தாலும், உடனே போக வேண்டும். ஓட்டோக் காசை எமது கிளை கொடுக்கும் என்று செயற்குழுவில் தீர்மானித்திருக்கிறோம்.

அந்தக் கையில் பிறஷர் பார்க்கவோ, இரத்தம் குத்தி எடுக்கவோ, சேலைன் ஏற்றவோ விடக்கூடாது. வைத்தியசாலையில் வேறு வாட்டில் அனுமதித்தால் அங்கிருப்பவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். வாய் திறந்து சொல்லுங்கள். பெரியவர்கள் முன் பேசக் கூச்சப்படும் எமது பழக்கம் இந்த விடயத்தில் உதவாது. அந்தக் கையில் இறுக்கமான வளையலும் கடிகாரமும் வேண்டாம், தலைக்கு அண்டக்கொடுத்துப் படுக்கவும் வேண்டாம். விறகுக்கட்டு, தண்ணீர்க் குடம், கொழுந்துக் கூடை எதையும் அந்தக் கையால் இழுத்துத் தூக்கக் கூடாது. இன்னும் டயலிசிஸ் நிலைக்கு வராத சிறுநீரக நோயாளிகளுக்கும் ஒரு சொல்: எழுதாத கையின் முன்னங்கை நரம்புகளைக் காப்பாற்றி வையுங்கள். ஊசி போட வேண்டுமானால் புறங்கையில் போடச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு பிஸ்டுலா தைக்கத் தேவைப்படுவது அந்த நரம்பு.

இனி நாம் கேட்பது. சுகாதாரத் திணைக்களத்துக்கும் மாகாண சபை நிர்வாகத்துக்கும் எமது சங்கம் கொடுக்கவிருக்கும் மனுவில் முதல் கோரிக்கை, ஒவ்வொரு டயலிசிஸ் நாளிலும் ஊசி ஏற்றுமுன் பிஸ்டுலாவைப் பார்த்து, தொட்டு, கேட்டு, அதை நோயாளியின் கொப்பியில் எழுத வேண்டும் என்பதே. மெசின் காட்டும் அழுத்தத்தையும் எழுத வேண்டும். நாளுக்கு நாள் அது ஏறினால் யார் கண்ணிலாவது படும். இதற்குத் தாதியர் போதாது என்றால் தாதியரைக் கூட்டுங்கள். அவர்களது சங்கம் அதைக் கேட்கும்போது நாமும் பக்கத்தில் நிற்போம். அடைப்பு வந்தவரை அன்றைக்கே எங்கே அனுப்புவது, எந்த அம்புலன்ஸில் அனுப்புவது என்பது முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதற்கு உள்ளே காட்டோரத்தில் இருப்பவரை 'நாளைக்கு யாழ்ப்பாணம் போங்க' என்று துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. பொலன்னறுவையில் சீன உதவியுடன் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை நல்ல காரியம். ஆனால் தமிழில் பேச ஆளும், வன்னியிலிருந்து நேர் பஸ்ஸும் இல்லாவிட்டால் அது எமது மக்களுக்குத் தூரத்து வெளிச்சம்தான்.

காசு விடயம் தனி. குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளிக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். வரவேற்கிறோம். கிழமைக்கு இரண்டு தரம், துணைக்கு ஒருவரோடு, உள்ளூரிலிருந்து ஓட்டோவும் பஸ்ஸும் பிடித்துப் போய் வருபவர் அதில் எத்தனை நாள் ஓட்டுவார் என்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். காணிப் பத்திரம் இல்லை, முகவரி பொருந்தவில்லை என்று பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட வேண்டாம். கொப்பியும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம், கூடவும் வருகிறோம்.

தோட்டத்தில் நிலைமை வேறு மாதிரி. நோயாளி வேலைக்குப் போகாத நாளில் பேர் இல்லை. துணைக்குப் போகும் மனைவிக்கோ மகளுக்கோ அன்றைக்குப் பேர் இல்லை. ஒரு வீட்டில் கிழமைக்கு நாலு பேர் போனால் கடைக் கடன் என்னாகும்? டயலிசிஸ் நாளுக்கு நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் சம்பளத்தோடு லீவு என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் எமது சங்கம் மேசையில் வைக்கும். மற்றச் சங்கங்களும் இதைத் தமது பட்டியலில் சேர்க்க வேண்டும். யார் கொடி முதலில் பிடித்தது என்ற போட்டி இதற்கு வேண்டாம்.

மலையில் இருப்பவர்கள் இது வன்னி நோய் என்று இருந்துவிடவும் முடியாது. எமது லயங்களில் நீரிழிவும் பிறஷரும் குறைவா? அவையும் சிறுநீரகத்தைத் தின்னும். இடுப்பு வலி, முழங்கால் வலி என்று கடையில் வாங்கி நாளுக்கு இரண்டு மூன்றாக விழுங்கும் வலி மாத்திரைகளும் அதையே செய்யும். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதை நிர்வாகத்திடம் எத்தனை தடவை சொல்லிவிட்டோம். நாற்பது தாண்டியவர்களும், மருந்து தெளிப்பவர்களும் வருடத்துக்கு ஒரு தரமாவது சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேற்றினினும் பார்க்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

கிளைத் தலைவர்களுக்கு: உங்கள் பிரிவிலும் உங்கள் உறவுக்காரர் இருக்கும் வன்னிக் கிராமங்களிலும் டயலிசிஸ் செய்பவர்கள் யார், கிழமையில் எந்த நாட்கள், எப்படிப் போகிறார்கள், கையிலா கழுத்திலா என்ற விபரத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நோயாளியின் சம்மதம் கேட்டு எழுதுங்கள். கழுத்துக் குழாயோடு இருப்பவர்களின் பெயரை மேலே போடுங்கள். மனு கொடுக்கும் அன்று அவர்களுக்கு பிஸ்டுலா தைக்கும் திகதியைத்தான் முதலில் கேட்கப்போகிறோம்.